புகை உண்டு, நெருப்பு எங்கே?

1999 நவம்பர் 12. ஸ்டாக்ஹோமிலிருந்து மால்மோவுக்குப் பறந்துகொண்டிருந்த பிஏஇ 146 ரக விமானம் கீழிறங்கத் தொடங்கிய நேரம். திடீரென்று துணை விமானிக்குக் குமட்டியது. ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் தலைமை விமானிக்கும் அதே நிலை. அவரும் முகமூடி அணிந்தார், தலை சுற்றியது. பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளுக்கு எதுவும் தெரியாது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஸ்வீடனின் விபத்து விசாரணை ஆணையம் ஆராய்ந்து, மாசடைந்த கேபின் காற்றே அநேகமாகக் காரணம் என்று எழுதியது.

அந்த ‘அநேகமாக’வைத் தாண்டி யாரும் இன்னும் ஒரு அடி வைக்கவில்லை.

விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலருக்கும் வியப்பாக இருக்கும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் அது எஞ்சினுக்குள்ளிருந்து வருகிறது. எரிபொருள் பற்றுவதற்கு முந்தைய கட்டத்தில், அமுக்கப்பட்டுக் கொதிக்கும் காற்றில் ஒரு பங்கைப் பிரித்து, குளிரவைத்து, பயணிகளுக்கு அனுப்புகிறார்கள். ‘பிளீட் ஏர்’ என்பது தொழிலில் அதற்குப் பெயர். அதே எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கு மசகு எண்ணெயும் ஓடுகிறது. எண்ணெயையும் காற்றையும் பிரித்து வைப்பது சீல்கள். சீல் தேய்ந்தாலோ, எஞ்சினின் வேகம் மாறும்போது அழுத்தம் சற்றுப் பிசகினாலோ எண்ணெய் கசிந்து, சூட்டில் சிதைந்து, காற்றோடு கலந்துவிடும். கேபினில் பாதியளவு காற்று மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. அதை ‘ஹெப்பா’ வடிகட்டிகள் சுத்தம் செய்கின்றன. கிருமியையும் தூசியையும் பிடிக்கும் அந்த வடிகட்டி, ஆவியைப் பிடிக்காது. எஞ்சினிலிருந்து புதிதாக வரும் காற்றுக்குப் பெரும்பாலான விமானங்களில் அந்த வடிகட்டியும் இல்லை.

இதற்கு வேறு வழியே இல்லாமலும் போகவில்லை. போயிங் 707, டிசி-8 போன்ற ஆரம்பகால ஜெட் விமானங்கள் தனி அமுக்கிகளை வைத்து வெளிக்காற்றை எடுத்தன. எஞ்சினிலிருந்தே எடுப்பது எடை குறைவு, எளிது, மலிவு. ஆகவே உலகம் அந்தப் பக்கம் போயிற்று.

எண்ணெய் கலந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மூக்கால். ‘அழுக்குச் சாக்ஸ் நாற்றம்’, ‘நனைந்த நாயின் வாடை’ என்று விமான ஊழியர்கள் சொல்வார்கள். எஞ்சினின் ஒவ்வொரு நடுக்கத்தையும் எண்ணில் காட்டும் விமானி அறையில், சுவாசிக்கும் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கிறதா என்று காட்டும் கருவி வழக்கமாக இல்லை.

புகையைப் பார்த்து என்ன முடிவுக்கு வரலாம் என்பது தமிழில் மிகப் பழைய கேள்வி. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே. பௌத்த, நியாய தருக்கங்கள் இரண்டும் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துத் தொங்கிய உதாரணம். அறவணர் அதோடு விடவில்லை. எங்கெல்லாம் இந்த ஊகம் தவறும் என்றும் பட்டியலிடுகிறார். எதிரே தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராதபோதே ‘புகைதான், எனவே நெருப்பு’ என்று துணிவது அதில் ஒரு பிழை. அந்தப் பிழைக்கு விமானத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. குளிர்சாதன அமைப்பு வெண்மூட்டமாக ஈரத்தைக் கக்கும். பனி உருக்கும் திரவம் வாடை தரும். முன்னால் நிற்கும் விமானத்தின் புகை உள்ளே வரும். உணவு சூடாக்கும் அடுப்பு கருகும். நாற்றம் என்றாலே எண்ணெய் என்று ஆகிவிடாது.

எனவே இங்கே இரண்டு ஊகங்கள் சங்கிலியாக நிற்கின்றன. நாற்றத்திலிருந்து எண்ணெய்க்கு ஒன்று. எண்ணெயிலிருந்து நோய்க்கு இன்னொன்று. சண்டையெல்லாம் இரண்டாவதில்தான்.

ஜெட் எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சுமார் 3 சதவீதம் டிரைகிரெசைல் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். சுருக்கமாக டிசிபி. இந்தச் சேர்மத்தின் சில வடிவங்கள் நரம்பைக் கெடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1930இல், மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவில், மருந்து என்ற பெயரில் விற்ற ஜமைக்கா இஞ்சிச் சாராயத்தில் அது கலந்திருந்தது. பல்லாயிரம் பேருக்குக் கால்கள் விளங்காமல் போயின. 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் நடந்தது இன்னும் நேரடியானது. அமெரிக்க விமானத் தளத்திலிருந்து உபரியாகக் கழிக்கப்பட்ட ஜெட் எஞ்சின் எண்ணெயை வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் முடங்கினார்கள்.

மூன்றாவது சம்பவம் தமிழர் வீடுகளில் நடந்தது. 1977-78இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்களுக்குக் கை கால்கள் பலமிழந்தன. மருத்துவர்கள் என். சேனாநாயக்கவும் ஜே. ஜெயரட்ணமும் ஆராய்ந்து 1981இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பருவமெய்திய சிறுமியர். ஏன் அவர்கள் மட்டும்? பெண் சமைந்தால் நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். முட்டையோடோ களியோடோ வயிறு நிறையக் கொடுப்பார்கள். அந்த நல்லெண்ணெயில் டிசிபி இருந்தது. முன்பு கனிம எண்ணெய் அடைத்திருந்த கலங்களில் ஏற்றி வந்தபோது ஒட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று தாய் ஊற்றிக் கொடுத்த எண்ணெய் அது.

தருக்கமாகப் பார்த்தால் தேயிலைத் தோட்டத்து ஊகம் சுத்தமானது. எண்ணெய் எங்கே உண்டோ அங்கே நோய்; அது எங்கே இல்லையோ அங்கே நோயும் இல்லை. உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் பொருந்துகிறது. எண்ணெயை எடுத்துச் சோதிக்கவும் முடிந்தது. விமானத்தில் இந்த வசதி எதுவும் இல்லை. ஒரே கேபினில் ஒரே காற்றை நூற்றைம்பது பேர் சுவாசிக்கிறார்கள். இறங்கும்போது இரண்டு பேருக்குத் தலைவலி, ஒருவருக்கு நடுக்கம், மற்றவர்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு போகிறார்கள். காற்றோ கதவு திறந்ததும் கலைந்துவிட்டது. நஞ்சின் அளவும் வேறு: ஒரு பக்கம் கரண்டி கரண்டியாக வயிற்றுக்குள் போனது, இன்னொரு பக்கம் நுண்ணிய ஆவி. மெக்னெஸைக் காட்டி ‘விமானத்திலும் அதே நஞ்சு’ என்று முடிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். டிசிபியிலும் பல வடிவங்கள் உண்டு. அதிகம் பேசப்படும் ஆர்த்தோ வடிவம் இன்றைய எண்ணெயில் மிகக் குறைவு.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்தச் சிக்கலை அழகாகக் காட்டுகிறது. ஜெட் விமானத்தில் வந்திறங்கிய 12 பயணிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். டிசிபி உடலுக்குள் நுழைந்தால் ஒரு குறிப்பிட்ட நொதியில் தழும்பு விட்டுப் போகும். ஆறு பேரிடம் அந்தத் தழும்பு மிகச் சிறிய அளவில் இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் நோய்க்குறி இல்லை. டிசிபி உடலுக்குள் போவது உறுதியாயிற்று. அதிலிருந்து நோய்க்குப் போகும் ஊகம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்கள் முதல் வரியைச் சொல்கிறார்கள், விமானத் தொழில் இரண்டாவது வரியைச் சொல்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

1999இல் ஒரு சிறு ஆய்வாளர் குழு இந்த நோய்க்கூட்டத்துக்குப் பெயர் வைத்தது: ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம். தலைவலி, மறதி, நடுக்கம், மூச்சுத்திணறல், தீராத அசதி. சர்வதேச நோய்ப் பட்டியலில் அதற்கு இன்றும் இடமில்லை. மேற்சொன்ன குறிகள் ஒவ்வொன்றும் இரவு பகல் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கும் வரும், 8,000 அடி உயரத்துக்கு நிகரான அழுத்தத்தில் நாள் முழுக்க நிற்பவருக்கும் வரும், பயந்தவருக்கும் வரும். பிரிட்டனின் நச்சியல் ஆலோசனைக் குழு 2013இல் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. நஞ்சால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அறவே மறுக்கவும் முடியாது. தீங்கு வரும் என்ற அச்சமே உடலைப் படுத்தும் ‘நோசிபோ’ விளைவாகவும் இருக்கலாம்.

நோசிபோ என்றதும் ஊழியர் சங்கங்களுக்குக் கோபம் வந்தது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் வராது?

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவை இயலோடு தொடங்குகிறார். எதை எப்படி அறிகிறோம் என்று தீர்த்துக்கொள்ளாமல் இறைவனைப் பற்றிப் பேச அவர் தயாரில்லை. காண்டல், கருதல், உரை என்று அளவைகள் மூன்று. காண்டலுக்குள் நான்கு வகை: பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. தன்வேதனைக் காட்சி என்பது தன் இன்ப துன்பத்தைத் தான் உணர்வது. அது ஊகம் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை; கண்ணால் காண்பதற்கு நிகரான நேரடி அறிவு என்று அருணந்தியார் அதைக் காட்சியின் வரிசையிலேயே வைக்கிறார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விமானப் பணிப்பெண்ணின் தலைவலியைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘எனக்கு வலிக்கிறது, எழுத வந்த சொல் நினைவுக்கு வரவில்லை’ என்று அவர் சொன்னால் அதை மறுக்க உலகில் எந்தக் கருவிக்கும் அதிகாரம் கிடையாது. ‘இது எஞ்சின் எண்ணெயால் வந்தது’ என்று அவர் சொன்னால் அது கருதல். யாருடைய ஊகத்தையும் போல அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம். கால் நூற்றாண்டாக இரண்டு தரப்பும் இந்த இரண்டையும் கலந்துகட்டிப் பேசிவருகின்றன. காரணம் நிரூபணமாகவில்லை என்பதால் நிறுவனம் வலியையே சந்தேகிக்கிறது. வலி உண்மை என்பதால் ஊழியர் காரணமும் உறுதி என்கிறார். நோசிபோ என்றாலும் வலி வலிதான். காரணம் மட்டும் வேறு.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானி ஒருவர் 43 வயதில் 2012இல் இறந்தபோது இந்தக் குழப்பம் முழுக்க வெளியே வந்தது. 2015இல் மரண விசாரணை அதிகாரி, கேபின் காற்றால் மேலும் உயிர்கள் போகக்கூடும் என்று கவலை தெரிவித்து விமான நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் முறைப்படி எழுதினார். நச்சுக்காற்று ஒரு விமானியைக் கொன்றது என்று செய்திகள் பரவின. 2017இல் விசாரணை முடிந்தபோது தீர்ப்பு வேறாக இருந்தது: தூக்கத்துக்காக எடுத்த மருந்து அளவுக்கு மீறிப் போனதே மரணக் காரணம். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் படித்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவருக்குத் தூக்கம் ஏன் போயிற்று என்ற கேள்வி அந்தத் தீர்ப்புக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வரலாம்: ‘அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை.’ பிரிட்டன் அரசுக்காகக் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றை அளந்து 2011இல் அறிக்கை தந்தது. எந்த மாசும் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமைக்காக நடந்த ஆய்வு 69 பயணங்களை அளந்தது; 2017இல் வந்த முடிவு, விமானக் காற்று அலுவலகத்துக் காற்றைப் போல, சிலவற்றில் அதைவிட நன்றாகவே இருக்கிறது என்றது.

அளவீட்டில் குறையில்லை. ஆனால் இன்மை என்பதை எப்படி அறிகிறோம் என்பதைப் பற்றியும் நம் தருக்கிகள் நிறைய மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அளவைவாதி அடுக்கும் பட்டியலில் ‘அபாவம்’ தனி அளவையாகவே வருகிறது. குமாரிலரின் மீமாம்சை வழியினர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்லவேண்டுமானால், இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலை வேண்டும். விளக்கில்லாத அறையில் குடம் தெரியாதது எதையும் நிரூபிக்காது.

பிரிட்டனின் அதே நச்சியல் குழு 2007இல் மதிப்பிட்டபடி, விமானிகள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 100 பயணத்துக்கு ஒன்றில் புகைச் சம்பவம். பொறியாளர்கள் சோதித்து உறுதிசெய்ததை மட்டும் எடுத்தால் 2,000க்கு ஒன்று. இரண்டாவது எண்ணே சரி என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சம்பவத்தைப் பிடிக்கச் சராசரியாக 2,000 பயணங்களை அளக்கவேண்டும். கிரான்ஃபீல்டின் 100 பயணங்களில் முறைப்படி புகாராகப் பதியும் அளவுக்கு எதுவும் நேரவில்லை. ஆகவே அந்த ஆய்வு காட்டியது சாதாரண நாளின் காற்று சாதாரணமாக இருக்கிறது என்பதை. அதுவும் பயனுள்ள அறிவுதான். தினமும் பறப்பவர் பயப்படத் தேவையில்லை என்பதற்கு நல்ல சான்று. மால்மோவில் நடந்தது நடக்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

ஜெர்மனியின் விபத்துப் புலனாய்வுத் துறை வேறு விதமாகப் போயிற்று. 2006 முதல் 2013 வரை வந்த 663 புகை, நாற்றப் புகார்களைத் தொகுத்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. அவற்றில் ஒன்று 2010 டிசம்பரில் வியன்னாவிலிருந்து கொலோன் வந்த ஜெர்மன்விங்ஸ் ஏ319. தரையிறங்கும் கட்டத்தில் விமானிகள் இருவரும் ஏறக்குறைய மயங்கும் நிலைக்குப் போய், முகமூடியோடு இறக்கினார்கள். இந்தத் தொகுப்புக்கு அடிப்படை, கருவி அல்ல, ஊழியர்களின் வாய்மொழி. சித்தாந்திகளின் மூன்றாவது அளவையான ‘உரை’. யாருடைய உரையை நம்பலாம் என்பதற்கு விதி உண்டு: விஷயம் தெரிந்தவராகவும், பொய் சொல்ல நோக்கம் இல்லாதவராகவும் இருக்கவேண்டும். ‘எஞ்சினில் ஏதோ சத்தம்’ என்று ஒரு விமானி சொன்னால் நூற்றைம்பது பேரோடு விமானத்தை நிறுத்திவைக்கிறார்கள். ‘என் தலைக்குள் ஏதோ’ என்று அதே விமானி சொன்னால் அவருடைய பறக்கும் தகுதிச் சான்றிதழ்தான் முதலில் ஆட்டம் காணும். பொய் சொல்ல நோக்கம் என்று பார்த்தால், மறைப்பதற்குத்தான் அவருக்குக் காரணம் இருக்கிறது.

நீதிமன்றம் தத்துவம் பேசாமல் காரியத்தை முடித்த ஒரு வழக்கும் உண்டு. 1992 மார்ச் 4 அன்று சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் போன ஈஸ்ட்-வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம். அதுவும் பிஏஇ 146தான். இறங்கும்போது சுமார் 20 நிமிடம் கேபினில் புகை. பணிப்பெண் ஒருவருக்கு அன்று பிடித்த இருமல் விடவே இல்லை. அவர் வழக்குத் தொடர்ந்தார். மூளை, நரம்பு என்றெல்லாம் வாதத்தை விரிக்காமல் நுரையீரல் கேட்டை மட்டும் முன்வைத்தார். நியூ சவுத் வேல்ஸின் தூசி நோய்கள் தீர்ப்பாயம் 2009இல், புகைந்த எஞ்சின் எண்ணெயே கெடுதல் செய்தது என்று ஏற்று, ஏறத்தாழ 1,39,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2010இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டது. ஆய்வகத்துக்கு வேண்டிய நிச்சயம் சிவில் நீதிமன்றத்துக்கு வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடைபோட்டால் போதும். அப்படி எடைபோடவே 17 ஆண்டுகள் பிடித்தன.

நிரூபணத்தின் பாரம் யார் தலையில் என்பதுதான் கடைசியில் மிஞ்சும் கேள்வி. சங்கடம் என்னவென்றால், நிரூபிக்கவேண்டியவர் ஒருவர், நிரூபிக்கும் வழிகள் இருப்பது இன்னொருவர் கையில். பராமரிப்புப் பதிவேடு நிறுவனத்திடம். எந்த எஞ்சினில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்ற கணக்கும் நிறுவனத்திடம். கேபினில் உணரியைப் பொருத்துவதும் பொருத்தாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம். விளக்கேற்றாதவரே ‘குடம் தெரியவில்லை பாருங்கள்’ என்று சொல்வதை மீமாம்சகர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நோய்க்குக் காரணம் எண்ணெய்தான் என்று இந்தக் கட்டுரை வாதிடவில்லை, அது தெரியாது. தெரியாத நிலையை நீடிக்க விடும் அதிகாரம் உள்ளவர், அந்தத் தெரியாமையையே தன் சான்றாக நீட்டுவது முறையல்ல. 2017இல் ஈசிஜெட் நிறுவனம் ஒரு வடிகட்டித் தயாரிப்பாளரோடு சேர்ந்து கேபின் காற்று வடிகட்டிகளைச் சோதிக்கப்போவதாக அறிவித்தது. காரணத்தைப் பற்றிய சண்டை தீரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன என்பதற்கு அது போதுமான எடுத்துக்காட்டு.

2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 எஞ்சின் காற்றைக் கேபினுக்கு எடுப்பதே இல்லை. மின்சார அமுக்கிகள் வெளிக்காற்றை நேராக உள்ளே தருகின்றன, அந்தக் காலத்து 707 செய்ததைப் போல. எரிபொருள் மிச்சமாகும் என்பது அந்த மாற்றத்துக்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம். ஊழியர்களின் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பிறகு 2015 ஜனவரியில் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350, காற்றை மறுபடி எஞ்சினிலிருந்தே எடுக்கிறது.